ஆந்தை இனத்தில் வெட்ட வேண்டியது நகத்தை அல்ல

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டுக்கு நீங்களே உருவாக்கிய ஆந்தை இனம் அளவுக்கு மீறிப் பலமாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நகத் தாக்குதலின் சேதத்தை ஆறு முகப் பகடையிலிருந்து நாலு முகத்துக்கு இறக்கியும் மற்ற ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பதில் ஆச்சரியமே இல்லை, பிரச்சினை முதல் நிலையிலேயே நீங்கள் கொடுத்த 50 அடிப் பறத்தல். பாத்திரம் 5-ஆம் நிலைக்கு வளரும் வரை, தன் ஆட்ட முறை முடியும்போதெல்லாம் தரையிறங்கியே ஆக வேண்டும் என்று வையுங்கள். நகம், இருட்டுப் பார்வை இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வகை விளையாட்டுகளில் பிரபலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் இதே தலைவலிதான்: ஆரகோக்ரா என்ற பறவை இனத்துக்கு 2015-இல் 50 அடிப் பறத்தல் கொடுத்தார்கள், 2022-இல் அதை நடை வேகத்தோடு சமமாக்கினார்கள்.

சந்தேகமா? முதலில் இரண்டு ஓநாய், அப்புறம் மேலேயும் அம்பு விடக்கூடிய இரண்டு வில்லாளி காப்ளின் (குட்டிப் பூதம்) என்று மோதவிட்டுப் பாருங்கள். ஓநாய்ச் சண்டையில் கீழே நிற்கும் போர்வீரன் மட்டும் கடி வாங்கினால், காரணம் இறக்கைதான்.

ஆனால் உங்கள் கதை முழுக்கத் தாழ்ந்த கூரைச் சுரங்கத்துக்குள் என்றால், பறத்தலில் கை வைக்காதீர்கள், அங்கே ஆந்தை பாவம்.