மென்றாலும் வலிப்பு என்கிறதே!

கேள்வி: இஇஜி (தலைத்தோலில் எடுக்கும் மூளை மின்னலைப்) பதிவிலிருந்து வலிப்பைத் தானாகக் கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுகிறேன். நோயாளி எதையாவது மென்றாலே அது 'வலிப்பு' என்று அலறுகிறது. வேகமான அலைகளை வடிகட்டும் ஃபில்டரை இன்னும் இறுக்கினால் சரியாகுமா?

பதில்: இறுக்காதீர்கள், நிலைமை மோசமாகும். தலைத்தோலில் கிடைக்கும் மூளை அலைகள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட்டுக்குள் அடங்குபவை. தாடைத் தசையின் மின்னலை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதன் அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்கி நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை போகிறது. 15 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டினால் தசை மறையாது, முனை மழுங்கி மூளை அலை மாதிரியே வந்து நிற்கும். கரடுமுரடாக இருந்தவரை அது தசை என்றாவது தெரிந்தது! மின்கம்பி இரைச்சலுக்கான 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் வெட்டு மட்டும் இருக்கட்டும்.

பழகிய கண் பார்ப்பது வேறு. வலிப்பின் தாளம் போகப்போக மாறும்: வேகம் மாறும், உயரம் கூடும், தலையில் ஒட்டியிருக்கும் பக்கத்து மின்முனைகளுக்குப் பரவும். மெல்லுவது அப்படியல்ல, இருபக்கக் கன்னப்பொட்டிலும் விட்டுவிட்டு ஒரே மாதிரி வந்து போகும். ஒரே ஒரு மின்முனையில் மட்டும் ஏதோ துள்ளினால் முதலில் அந்த மின்முனையைச் சந்தேகியுங்கள். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுக்கும்போது பதிவில் எழும் தாளம் அனுபவசாலியையே ஏமாற்றும், வீடியோ இல்லாமல் பிடிபடாது. இன்னொன்று, 3 ஹெர்ட்ஸில் தலை முழுக்க வரும் ஆப்சென்ஸ் வலிப்பு (சில விநாடி நினைவு தப்பி வெறித்துப் பார்க்கும் வகை) அவ்வளவாக மாறுவதில்லை. அதற்குத் தனி விதி வேண்டும்.

எனவே மெல்லுதல், கண் சிமிட்டல் இரண்டையும் தனித்தனி வகைகளாகப் பெயரிட்டு மென்பொருளுக்குக் கற்றுக்கொடுங்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைப் பிரிக்கும்போது நோயாளி வாரியாகப் பிரியுங்கள். ஒரே ஆளின் துண்டுகள் இரண்டு பக்கமும் இருந்தால் கிடைக்கும் மதிப்பெண் வெறும் மாயை.

அப்புறம் '99% துல்லியம்' என்று மகிழ வேண்டாம். 5 விநாடித் துண்டுகளாக வெட்டினால் ஒரு நாளில் 17,280 துண்டுகள். அதில் 1% தவறு என்றாலே 170-க்கும் மேல். அவ்வளவும் பொய் எச்சரிக்கையாக வந்தால் எந்தச் செவிலியரும் இரண்டாம் நாள் கருவியை அணைத்துவிடுவார். 24 மணி நேரத்துக்கு எத்தனை பொய் எச்சரிக்கை என்று எண்ணுங்கள்.

தசை இரைச்சல் உள்ள பகுதியை மொத்தமாகத் தூக்கி எறியவும் கூடாது. உடல் முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்பில் தசைதான் பதிவையே மூடிவிடுகிறது. எறிந்தால் வலிப்பும் சேர்ந்து போகும். அந்த இடங்களில் 'தெரியவில்லை, ஆள் பார்க்கட்டும்' என்று சொல்ல மென்பொருளுக்கு அனுமதி கொடுங்கள்.