மகன் அம்பயர் ஆகிறேன் என்கிறான்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

போன வாரம் தோட்டத்து வேலை முடிந்த கையோடு என்னைப் பார்க்க வந்தீர்கள். "பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்தவன், கிரிக்கெட் அம்பயர் ஆகப் போகிறேன் என்கிறான். நீங்கள்தான் ஐயா சொல்லித் திருத்த வேண்டும்" என்றீர்கள். பையனைப் பார்க்காமல் எதுவும் சொல்லக்கூடாது என்று அன்று உங்களை அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் திடலுக்குப் போய், அவன் நடுவராக நின்ற ஆட்டத்தை முழுக்கப் பார்த்தேன். இப்போது எழுதுகிறேன்.

முதலில் பணம். நம் மலேசியாவில் அம்பயர் வேலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று படி கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் அவன் ஒரு கைத்தொழில் படிக்க வேண்டும். ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது, வீட்டிலிருந்து தூரமும் இல்லை. மின்சாரமோ இயந்திரமோ, எஸ்.பி.எம். முடிவு வந்ததும் விண்ணப்பிக்கட்டும். வார நாளில் படிப்பு, வார இறுதியில் திடல். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, அப்படியென்றால் அம்பயர் ஆசையை விட்டுவிடச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கண்டதைச் சொல்கிறேன்.

நல்ல வெயில். ஓவரின் ஆறு பந்துகளை எண்ண ஆறு சின்னக் கற்களை இடது பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றை வலது பைக்கு மாற்றிக்கொண்டிருந்தான். ஒன்பதாவது ஓவரில் ஒரு ரன் அவுட் கேள்வி வந்தது, ஓடி வந்தவர் கோட்டைத் தொடுமுன் பந்து விக்கெட்டைத் தட்டியதா என்று. பந்து அவன் பக்கத்து விக்கெட்டுக்கு எறியப்பட்டது, இவன் ஸ்டம்புக்குப் பின்னாலேயே நின்றுவிட்டான். பந்து வீசியவர் உடம்பு குறுக்கே வந்து கோட்டை மறைத்தது. "நாட் அவுட்" என்றான். எதிரணிப் பையன்கள் கூச்சல் போட்டார்கள். இவன் பதில் பேசவில்லை, முகமும் மாறவில்லை. அடுத்த பந்துக்குக் கல்லை மாற்றிவிட்டு நின்றான்.

ஆட்டம் முடிந்து, மற்றவர்கள் கடைப்பக்கம் போனபோது, இவன் மரத்தடியில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். கேட்டு வாங்கிப் பார்த்தேன். "9ஆவது ஓவர். ரன் அவுட். கோட்டுக்கு நேராகப் பக்கவாட்டில் ஓடி நிற்கவில்லை. பௌலர் முதுகு மறைத்தது." கூச்சல் போட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தீர்ப்பு தவறு என்பதோடு விடாமல், கால் எங்கே தவறியது என்று எழுதியிருந்தான். பதினேழு வயதில் இப்படி எழுதுகிற பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை, அம்மா. அவனுக்கு ஆம் என்று சொல்லலாம் என்று நான் முடிவு செய்தது அந்த நோட்டைப் பார்த்துத்தான். கிரிக்கெட் மேல் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது, ஆசையை மட்டும் பார்த்திருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் இந்தத் தொழிலில் ஒவ்வொரு ஆட்டமும் ஒரு பரீட்சை. மேல்மட்டத்தில், ஆட்டக்காரர்கள் அவுட் கேட்கும் ஒவ்வொரு முறையீட்டையும் ரீப்ளேயோடு வைத்துச் சரிபார்க்கிறார்கள். கொடுத்த அவுட்டுக்கு மட்டுமல்ல, கொடுக்காமல் விட்டதற்கும் மதிப்பெண் உண்டு. 2009 முதல் ஆட்டக்காரர்களே தீர்ப்பை மறுபரிசீலனைக்கு அனுப்பலாம் என்று ஆனபின், அம்பயரின் தவறு உலகத்துக்கே திரையில் தெரிகிறது. 2022-இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் நடத்திய ஒரு நடுவர் தேர்வில் 140 பேர் உட்கார்ந்து 3 பேர்தான் தேறினார்கள். எழுத்துக்கு 100, வாய்மொழிக்கு 35, காணொளிக்கு 35, உடல்தகுதிக்கு 30 மதிப்பெண். சட்டத்தை மனப்பாடம் செய்தவர்கள்கூட அதில் விழுந்தார்கள்.

தவறு பெரியவர்களுக்கும் வரும். 2019 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், எறிந்த பந்து மட்டையில் பட்டு எல்லைக்கோட்டுக்குப் போனது. அம்பயர் குமார் தர்மசேன ஆறு ரன் கொடுத்தார். பந்தை எறிந்த நேரத்தில் மட்டையாளர்கள் இரண்டாவது ஓட்டத்தில் ஒருவரையொருவர் கடக்கவில்லை, அதனால் அந்த ஓட்டம் சேராது, ஆகவே சட்டப்படி ஐந்துதான். அதற்கு முந்தைய ஆண்டுதான் உலகின் சிறந்த நடுவர் விருதை வாங்கியவர் அவர். தவறு என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். இதை மகனிடம் சொல்லுங்கள். பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது, எறிகிற நொடியில் ஓடுகிறவர்கள் எங்கே என்று ஒரு பார்வை போக வேண்டும் என்பது இதில் அவனுக்குப் பாடம்.

நம் ஊர்த் திடலில் கேமராவும் இல்லை, ரீப்ளேயும் இல்லை. அப்புறம் எப்படித் தன்னை அளப்பது? ஒரு கைப்பேசியைப் பந்து வீசும் திசைக்கு நேர் பின்னால் கம்பத்தில் கட்டி வைத்தால், விக்கெட்டுக்குப் போகிற பந்தைக் கால் தடுத்ததா என்று கேட்கும் எல்.பி.டபிள்யூ முறையீடுகளில் பாதிக்காவது விடை கிடைக்கும். இரு அணித் தலைவர்களிடமும் கருத்து கேட்கட்டும், ஆனால் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தோற்றவர் எழுதுவது எப்போதும் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். வாரம் ஒருமுறை மூத்த அம்பயர் ஒருவர் எல்லைக்கோட்டில் நின்று பார்த்தால் அதைவிட நல்லது வேறில்லை.

இன்னொன்று, நூற்றுக்கு இத்தனை சரி என்று மட்டும் கணக்கு வைத்தால் ஏமாந்துபோவான். எளிய தீர்ப்புகள் மட்டும் வந்த நாளில் யாரும் 100 வாங்கலாம். கடினமான நான்கு கேள்விகள் வந்த நாளில் மூன்று சரியாகச் சொன்னவனே கெட்டிக்காரன். ஆகவே ஒவ்வொரு தீர்ப்புக்கும் பக்கத்தில் எளிது, கடினம் என்று குறிக்கச் சொன்னேன். பத்து ஆட்டம் கழித்துப் படித்தால் பாணி தெரியும். இடக்கை மட்டையாளருக்கு எல்.பி.டபிள்யூ கொடுக்கத் தயங்குகிறானா? ஒரு தவறு செய்தபின் அதை ஈடுகட்ட அடுத்த தீர்ப்பை மாற்றிச் சொல்கிறானா? இரண்டாவது பழக்கம் ஆபத்தானது. இருந்தால் உடனே என்னிடம் வரட்டும்.

வழியில்லாத பாதை இல்லை இது. விஸ்வநாதன் காளிதாஸ் போன்ற நம் மலேசியர்கள் பன்னாட்டு ஆட்டங்களில் நடுவராக நின்றிருக்கிறார்கள். சென்னையின் வெங்கட்ராகவன் 73 டெஸ்டுகளில் நின்றார். 2025-இல் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணம் நம் நாட்டில்தான் நடந்தது, இறுதியாட்டம் கிள்ளான் பண்டமாரானில்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. முதலில் அவன் கண்ணைப் பரிசோதியுங்கள், நோட்டை முகத்துக்கு மிகப் பக்கத்தில் வைத்து எழுதுகிறான். மலேசியக் கிரிக்கெட் சங்கத்தின் நடுவர் பயிற்சி எப்போது என்று நானே கேட்டுச் சொல்கிறேன். இரண்டாவது, அதற்குள் பாலிடெக்னிக் விண்ணப்பத்தோடு வெள்ளிக்கிழமை மாலை அவனை என்னிடம் அனுப்புங்கள். நோட்டையும் எடுத்து வரட்டும்.