சீசர் போட்ட டியூட்டி

கேள்வி: தீயணைப்புத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு, மூன்று குழுக்கள். என் முதல் டியூட்டியே 2025 புத்தாண்டு அன்றுதான். மகளின் பிறந்தநாளும் மைத்துனர் கல்யாணமும்கூட டியூட்டி நாளிலேயே வருகின்றன. மனைவி காலண்டரைப் பார்த்தாலே எரிந்து விழுகிறார். வேலை, குடும்பம், விடுமுறை மூன்றையும் எப்படிச் சமாளிப்பது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் மனைவி சரியான ஆள்மீதுதான் எரிந்து விழுகிறார். குற்றவாளி காலண்டரேதான். அதற்கும் எனக்கும் உள்ள பகை பழைய வாசகர்களுக்குத் தெரியும். 21ஆம் நூற்றாண்டு 2001இல்தான் தொடங்கியது என்று எழுதியதற்கு வந்த வசவுகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போது உங்கள் கேஸைப் பார்ப்போம். தாளும் பென்சிலும் எடுங்கள்.

உங்களுக்கு மூன்று நாளுக்கு ஒரு டியூட்டி. 365ஐ மூன்றால் வகுத்தால் மீதி 2. அதனால் ஒரே தேதி வருடத்துக்கு வருடம் குழு மாறி விழும். 2025 புத்தாண்டு உங்களுக்கு. 2026 ஒரு குழுவுக்கு, 2027 இன்னொரு குழுவுக்கு, 2028இல் மறுபடி உங்களுக்கு. நியாயமாகத்தானே இருக்கிறது? இருங்கள். 2028 லீப் வருடம். 366 மூன்றால் மீதியில்லாமல் வகுபடும். எனவே 2029 புத்தாண்டும் உங்களுக்கே!

ஒரு தடவை போனால் போகிறது என்று விட்டுவிடவும் முடியாது. நான்கு வருடத்துக்கு 1,461 நாள். பாழாய்ப்போன அந்த எண்ணும் மூன்றால் வகுபடுகிறது. ஆக, இந்த நான்கு வருடம் நடப்பதுதான் அடுத்த நான்கிலும் நடக்கும். சுழற்சியை யாரும் கலைக்காதவரை உங்கள் குழு நான்கில் இரண்டு புத்தாண்டுக்கு வண்டியில் ஏறும், மற்ற இரண்டு குழுக்களும் ஆளுக்கு ஒன்றுடன் தப்பிக்கும். 2032, 2033. 2036, 2037. எழுதிக்கொண்டே போகலாம். கி.மு. 45இல் நான்கு வருடத்துக்கு ஒரு நாளைச் செருகும் முறையைக் கொண்டுவந்த ஜூலியஸ் சீசர்தான் உங்களுக்கு டியூட்டி போட்டவர். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அதில் கை வைத்ததால் ஒரு நிவாரணம் உண்டு: 2100 லீப் வருடம் அல்ல. அதன்பின் இந்தச் சாபம் வேறொரு குழுவின் தலைக்கு மாறும். அதுவரை பொறுமை காக்கவும்.

மகளின் பிறந்தநாளுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அந்தத் தேதியின் சாபம் வேறு குழுவுக்கு விழுந்திருக்கவும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. நிலாவைப் பார்த்து நாள் குறிக்கும் பண்டிகைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. தேதி தாவுவதால் கஷ்டமும் பரவலாகப் போய்ச் சேரும். 2031இல் ஒரு குறிப்பிட்ட நாளில் நீங்கள் வீட்டில் இருப்பீர்களா என்று நம் இதழில் ராசிபலன் எழுதுகிறவரால் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வகுத்துச் சொல்லிவிடும். (அவர் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்கிறார். பார்க்கலாம்.)

ஒரு நாட்டுக்கே இப்படி ஷிப்ட் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 1929இல் சோவியத் அரசு ஏழு நாள் வாரத்தைத் தூக்கிவிட்டு ஐந்து நாள் சுழற்சியைக் கொண்டுவந்தது. தொழிலாளர்களைப் பிரித்து ஆளுக்கொரு நிறம் கொடுத்தார்கள், நிறத்துக்கொரு ஓய்வுநாள். ஆலை ஒருநாளும் நிற்காது. கணவருக்கு மஞ்சள், மனைவிக்குச் சிவப்பு என்றால் முடிந்தது கதை. வீட்டில் ஒண்டியாக உட்கார்ந்திருப்பதெல்லாம் ஒரு லீவா என்ற புலம்பல் கட்சிப் பத்திரிகையான பிராவ்தா வரை போனது. 1931இல் எல்லோருக்கும் பொதுவான ஓய்வுநாளோடு ஆறு நாள் வாரம் வந்தது, 1940இல் பழைய ஏழு நாளே திரும்பியது. ஸ்டாலினாலேயே முடியாததை உங்கள் ஸ்டேஷன் ஆபீசர் செய்து தருவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் நிலைமை அந்தத் தொழிலாளியைவிட எவ்வளவோ மேல். எந்த டியூட்டி நாளுக்கும் முந்தின நாள் நீங்கள் வீட்டில், மறுநாளும் வீட்டில். பண்டிகையை ஒரே ஒரு நாள் நகர்த்தினால் போதும். அதுவும் முந்தின நாளுக்கு. மறுநாள் வேண்டாம். 17 மணி நேரம் விழித்திருந்தால் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குத் தடுமாற்றம் வந்துவிடும் என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ராத்திரி முழுக்க அழைப்பு வந்து, பொட்டுத் தூக்கமில்லாமல் காலையில் வீடு திரும்புகிறவர் அப்படியே பிள்ளைகளை காரில் ஏற்றிக்கொண்டு சுற்றுலா கிளம்பினால், அடுத்த அழைப்பு உங்கள் கார் கிடக்கும் இடத்திலிருந்தே வரும்.

வருடம் முழுவதற்கும் டியூட்டி நாட்களை ஒரே மூச்சில் குறித்து மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் தெரியவருவதுதான் பாதிக் கோபத்துக்குக் காரணம். ‘நான் உயிரைக் காப்பாற்றப் போகிறேன்’ என்ற வசனத்தை வீட்டில் பேசவே பேசாதீர்கள். 24 மணி நேரம் முடிந்ததும் உங்களை விடுவிக்க அடுத்த குழு வருகிறது. அவரை விடுவிக்க யார் வருகிறார்கள்? நீங்கள்தான் வர வேண்டும். தூங்கி எழுந்ததும்.

மைத்துனர் கல்யாணத்துக்கு மட்டும் முந்தின நாள் போய் நின்று பயனில்லை. டியூட்டியை மாற்றிக்கொள்ள ஆள் பிடியுங்கள். அதற்கு முன்னால் நீங்கள் யாருக்காவது ஒரு நாள் நின்று கொடுத்திருக்க வேண்டும். புதுசாக வந்தவர் எடுத்த எடுப்பில் கேட்டால் எவரும் தர மாட்டார். அப்படியும் மசியவில்லையென்றால், ‘பதிலுக்கு 2028, 2029 இரண்டு புத்தாண்டுக்கும் நானே நிற்கிறேன்’ என்று தாராளமாகச் சொல்லிப் பாருங்கள். அவர் இந்தப் பத்திரிகை வாங்குகிறவரா என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.