சுட்டால் பெருகுமா மார்க்கோர்?

கேள்வி: பாகிஸ்தானில் ஒரே ஒரு மார்க்கோர் காட்டாட்டைச் சுட வெளிநாட்டவர் கோடிக்கணக்கில் பணம் கட்டுகிறார்களாம். இதைப் போய் வனவிலங்குப் பாதுகாப்பு என்கிறார்களே, நியாயமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பணம் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். 2024-இல் பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பகுதியான சித்ராலில் ஒரு வேட்டை அனுமதி 2,71,000 டாலருக்கு ஏலம் போனது. இந்தக் கட்டணத்தில் 80 சதவீதம் உள்ளூர்க் கிராமக் குழுக்களுக்கு, மீதி அரசுக்கு. காவலர் சம்பளம் அதிலிருந்துதான். ஆடு உயிரோடு திரிந்தால்தான் அடுத்த ஆண்டும் வருமானம் என்பதால், திருட்டு வேட்டைக்காரனை ஊரே மறிக்கிறது. அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 2002 முதல் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 12 ஆடுகள்தான் அனுமதித்தது. 2015-இல் மார்க்கோர் 'அருகிவரும் இனம்' என்ற நிலையிலிருந்து ஆபத்து குறைந்த நிலைக்கு மாறியது.

ஆனால் எந்த ஆட்டைச் சுடுகிறார்கள் என்பது அதைவிட முக்கியம். குளிர்காலத்தில் கொம்பின் வளர்ச்சி நின்று, ஆண்டுக்கு ஒரு வளையம் விழும். தொலைநோக்கியில் அதை எண்ணி, கிழட்டுக் கிடாவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முறுக்கிய கொம்பில், அதுவும் தூரத்திலிருந்து, எண்ணிக்கை எளிதில் தப்பும். வந்தவருக்கோ நீளக் கொம்பு வேண்டும். வேகமாகக் கொம்பு வளரும் திடமான நடுவயதுக் கிடா விழுந்தால், மந்தையின் நல்ல வித்து போய்விடும். வளையம் தெளிவாகத் தெரியாவிட்டால் சுட அனுமதிக்கவே கூடாது. ஆடுகளைக் கணக்கெடுக்கும் வேலையையும் வருமானம் பெறும் குழுவிடமே விடக் கூடாது, எண்ணிக்கை வீங்கும்.

நோயையும் மறக்கக் கூடாது. 2010-இல் தஜிகிஸ்தானில் மைக்கோபிளாஸ்மா நுரையீரல் தொற்றில் குறைந்தது 64 மார்க்கோர்கள் மாண்டன. வீட்டு ஆடுகளையும் தாக்கும் கிருமி அது. மேய்ச்சலைப் பிரித்து வைக்கவும், ஆடுகளுக்கு வைத்தியம் பார்க்கவும் இந்தப் பணத்தில் ஒரு பங்கு போகாவிட்டால், துப்பாக்கி கொல்வதைவிடப் பல மடங்கை நோய் கொன்றுவிடும்.

கேள்வி: ஆப்பிரிக்கச் சிங்கத்துக்கும் இதே கணக்குதானா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இல்லை. கூட்டத்தின் ஆண் சிங்கத்தைச் சுட்டால், அந்த இடத்துக்கு வரும் புது ஆண் பெரும்பாலும் குட்டிகளைக் கொன்றுவிடும். ஒரு தோட்டாவுக்குப் பல உயிர்கள். அதனால்தான் தான்சானியாவில் ஆறு வயதுக்குக் குறைந்த சிங்கத்தைச் சுடத் தடை: அந்த வயதுக்குள் ஒரு ஈட்டுக் குட்டிகளாவது வளர்ந்திருக்கும். இளஞ்சிவப்பு மூக்கு வயது ஏற ஏறக் கறுக்கும். பாதிக்கு மேல் கறுத்திருந்தால் ஐந்தைத் தாண்டியிருக்கலாம் என்பது களத்தில் பார்க்கும் அடையாளம். இரவில், இரைப்பொறி வைத்து, விளக்கு வெளிச்சத்தில் இதைச் சரியாகக் கணிப்பது கடினம். அப்படிச் சுடுவதை எந்த வருமானக் கணக்கும் நியாயப்படுத்தாது.