ஈயின் மூளையும் உங்கள் கை நடுக்கமும்

கை நடுக்கம் பற்றிப் பயந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். இணையத்தில் வாங்கிய அந்த 5-எச்டிபி கேப்ஸ்யூலை (உடலுக்குள் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளாக மாறும் பொருள்) இன்றோடு நிறுத்துங்கள். மனச்சோர்வுக்காக நான்கு மாதமாகச் சாப்பிடும் எஸ்சிட்டாலோபிராம் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் இன்றே பேசுங்கள். அடுத்த வேளை மாத்திரையைப் போடலாமா என்று அவர் சொல்லட்டும். இதை உங்களுக்குத் தனியாகவும் எழுதி அனுப்பிவிட்டேன். இங்கே மறுபடி எழுதுவது, உங்களைப் போலவே இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பவர்களுக்காக.

மூன்று பக்கக் கடிதத்தில் உங்கள் பயம் ஒன்றுதான். பழ ஈக்களின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் செத்துப்போய், அவை ஏற முடியாமல் தடுமாறும் வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். அதே வாரம் உங்கள் கைகளும் நடுங்கத் தொடங்கின. மாத்திரை என் மூளையை அழிக்கிறதா, 36 வயதிலேயே பார்க்கின்சன் நோயா, அதாவது டோபமைன் அணுக்கள் அழியும் நடுக்குவாதமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் சொல்லும் நடுக்கம் அந்த நோயைப் போல இல்லை. பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கக் கையில்தான் தொடங்கும், கை சும்மா மடியில் கிடக்கும்போது தெரியும். உங்களுக்கு இரண்டு கைகளும் ஒரே நாளில், அதுவும் டம்ளரைத் தூக்கும்போது நடுங்குகின்றன.

அந்த ஈக்களுக்கு வருகிறேன். அவற்றுக்கு நோய் தானாக வரவில்லை, வரவழைக்கப்பட்டது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் ஆல்ஃபா-சைனூக்ளின் என்ற புரதம் திட்டுத்திட்டாகச் சேர்ந்திருக்கும். பழ ஈயிடம் அந்தப் புரதத்துக்கான மரபணுவே கிடையாது. 2000-ல் மெல் ஃபீனி, வெல்கம் பெண்டர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மனித மரபணுவை ஈயின் நரம்பணுக்களுக்குள் வேலை செய்ய வைத்தார்கள். ஈக்களுக்கு வயது ஏற ஏற டோபமைன் அணுக்கள் குறைந்தன, புரதத் திட்டுகள் தெரிந்தன, மேலே ஏறும் திறன் போயிற்று. அதில் மனச்சோர்வு மாத்திரைக்கு எந்தப் பங்கும் இல்லை.

அந்த ஏறும் சோதனையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் குழாய்க்குள் பத்திருபது ஈக்கள். குழாயை மேசையில் லேசாகத் தட்டினால் எல்லாம் அடியில் விழும். இளம் ஈக்கள் சில நொடிகளில் சுவரைப் பற்றிக்கொண்டு மேலே போய்விடும். நோயுற்றவை பாதி தூரம் ஏறி நிற்கும், வழுக்கி விழும், மறுபடியும் ஏறப் பார்க்கும். பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். உங்களுக்குப் பதற்றம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் எந்த விளக்கமும் இல்லாமல் அந்தக் காட்சியை மட்டும் வெட்டிப் போட்டு, உங்கள் மூளையும் இப்படித்தான் என்று தலைப்பு வைப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஏன் ஈ என்று கேட்டிருந்தீர்கள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். 2024-ல் வெளியான முழு வரைபடத்தின்படி ஒரு பெண் பழ ஈயின் மூளையில் 1,39,255. அவற்றில் டோபமைன் சுரப்பவை சில நூறுதான். செரட்டோனின் சுரப்பவை அதைவிடக் குறைவு. இவ்வளவு கொஞ்சம் என்பதால் ஒவ்வொரு கூட்டத்தையும் தனியாகத் தூண்டிவிட்டோ அடக்கியோ பார்க்க முடிகிறது. இனிப்பு கிடைத்ததைச் சொல்லும் டோபமைன் அணுக்கள் ஒரு கூட்டம், மின் அதிர்ச்சி பட்டதைச் சொல்பவை இன்னொரு கூட்டம் என்று தெரியவந்தது அப்படித்தான். டோபமைன் என்றாலே இன்பம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பத்து நாளில் அடுத்த தலைமுறை, இரண்டு மூன்று மாதத்தில் முதுமை. ஒரு ஆயுள் முழுவதையும் உட்கார்ந்து பார்த்துவிடலாம். இளவயதுப் பார்க்கின்சன் வரும் சில குடும்பங்களில் பிங்க்1, பார்க்கின் என்ற மரபணுக்கள் கெட்டிருக்கும். இரண்டும் அணுக்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் காக்க ஒரே வரிசையில் வேலை செய்கின்றன என்பதை 2006-ல் காட்டிக்கொடுத்ததும் இந்த ஈதான். நோயின் வழியைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல துணை குறைவு. உங்களுக்கு நோய் இருக்கிறதா என்று சொல்ல அதனால் முடியாது.

சரி, கேப்ஸ்யூல். உடல் உணவில் கிடைக்கும் ட்ரிப்டோஃபேன் என்ற பொருளிலிருந்து செரட்டோனினைச் செய்யும்போது முதல் படியில்தான் கடிவாளம் வைத்திருக்கிறது. 5-எச்டிபி அந்தப் படியைத் தாண்டி வந்துவிட்ட பொருள். விழுங்கினால் தடையில்லாமல் செரட்டோனினாக மாறும். எஸ்சிட்டாலோபிராமோ வெளியே வந்த செரட்டோனினை அணுக்கள் திரும்ப இழுத்துக்கொள்ளாமல் தடுக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு வடிகாலையும் அடைத்த கதை. ஈயிலும் அதே வழிதான்: 5-எச்டிபி கலந்த தீனி தின்ற ஆண் ஈக்கள் கூடுதலாகச் சண்டையிட்டதை 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புட்டியில் இயற்கையானது என்று எழுதியிருந்தால் அது மருந்தில்லை என்று ஆகிவிடாது.

'கேப்ஸ்யூலை இரண்டாக்கிய மறுநாளிலிருந்துதான் நடுக்கம், வயிறும் போகிறது, இரவில் சட்டை நனைய வியர்க்கிறது, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை' என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. செரட்டோனின் அளவுமீறும்போது வருவது இப்படித்தான்: மருந்தைச் சேர்த்த அல்லது கூட்டிய ஒரு நாளுக்குள், நடுக்கமும் வியர்வையும் பேதியும் பரபரப்பும் சேர்ந்து வரும். இதோடு காய்ச்சல் ஏறினாலோ, கால்கள் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தாலோ, பேச்சு குழம்பினாலோ டாக்டரின் நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் கேப்ஸ்யூல் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு. ட்ராமடால் கலந்த வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் கலந்த இருமல் மருந்து எதையும் டாக்டரைக் கேட்காமல் எஸ்சிட்டாலோபிராமுடன் சேர்க்க வேண்டாம். அவையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை.

கொட்டாவி, வாய் வறட்சி, விசித்திரமான கனவுகள்: இவை இந்த மாத்திரையில் சாதாரணம். விடுங்கள். இமை துடிப்பதற்கு நல்ல தூக்கம் போதும். டோபமைனை ஏற்றும் பொடி ஒன்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

கேப்ஸ்யூலை நிறுத்தினால் இந்த நடுக்கம் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். மூன்று வாரம் கழித்தும் ஒரு கை மட்டும், அதுவும் சும்மா இருக்கும்போது நடுங்கினால், கையெழுத்து சிறுத்துக்கொண்டே போனால், நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். அவர் உங்களை நடக்கச் சொல்லி, விரல்களைத் தட்டச் சொல்லிப் பார்த்துச் சொல்வார்.