வாசகர் கேள்வி பதில்: பவளம் படும் பாட்டை எப்படி அளப்பது?

இந்த முறை வந்தவற்றில் பவளத்திட்டு பற்றிய கேள்விகள் நிறைய. ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: "உயிருள்ள பவளம் இத்தனை சதவீதம்" என்று செய்திகளில் போடுகிறார்கள். ஒரு திட்டு நலமாக இருக்கிறதா என்று சொல்ல அந்த ஒரு எண் போதாதா?

போதாது. அதை மட்டும் நம்பினால் ஏமாந்துதான் போவோம். அந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். கடலடியில் டேப்பை நீட்டி வைத்து, அரை மீட்டருக்கு ஒரு தடவை அதன் கீழே என்ன இருக்கிறது என்று முக்குளிப்பவர் எழுதிக்கொண்டே போவார்: கல்பவளம், மென்பவளம், பாசி, மணல், உடைந்த துண்டு, சமீபத்தில் செத்த பவளம். நூறு புள்ளிகளில் முப்பதில் உயிருள்ள பவளம் இருந்தால் 30 சதவீதம். இப்போது பலர் படம் எடுத்து மென்பொருளிடம் எண்ணக் கொடுத்துவிடுகிறார்கள், கணக்கு என்னவோ அதேதான்.

எந்தப் பவளம் என்பதை அந்த எண் சொல்லாது, சிக்கல் அங்கேதான். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் 2022-இல் வடக்கு, நடுப் பகுதிகளில் பவளப் பரப்பு 36 ஆண்டுக் கண்காணிப்பில் இல்லாத உயரத்துக்குப் போனது. வளர்ந்ததில் பெரும்பங்கு அக்ரோபோரா இனம். கிளைவிட்டும் மேசை போல விரிந்தும் கிடுகிடுவென்று வளரும், ஆனால் சூடு தாங்காது, புயலும் தாங்காது, முள்மகுட நட்சத்திர மீன் வேறு இதைத்தான் தேடித் தின்னும். 2024 வெப்பத்துக்குப் பிறகு வந்த 2025 அறிக்கையில் வடக்கிலும் தெற்கிலும் கண்காணிப்பு தொடங்கியதிலிருந்து காணாத அளவு ஓராண்டுச் சரிவு. 2022-இன் எண் பொய்யில்லை, அதன் மேல் நாம் ஏற்றி வைத்த நம்பிக்கைதான் அதிகம்.

அதனால் சதவீதத்தோடு எந்த இனங்கள், என்ன அளவு, புதிதாக ஒட்டி வளரும் குட்டிப் பவளங்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பாகம் செத்திருக்கிறது என்றெல்லாம் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் விட, அடையாளத் தகடு கட்டிய அதே பவளத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த பதிவு இருந்தால் அதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

கேள்வி: கடல் சூடானால் பவளம் வெளிறும், சரி. "எட்டு டிகிரி வாரம்" என்கிறார்களே, டிகிரியும் வாரமும் எப்படிச் சேரும்?

பவளத்தின் திசுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம் வரைகூட அவைதான் கொடுக்கின்றன. சூடு ஏறினால் அந்தப் பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்கள் உருவாக, பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. இதில் எவ்வளவு சூடு என்பதோடு எத்தனை நாள் சூடு என்பதும் முக்கியம், அதனால்தான் இரண்டையும் பெருக்கிக் கூட்டுகிறார்கள்.

ஒரு இடத்தில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரி 29 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதைவிட ஒரு டிகிரி கூடினால், அதாவது 30-ஐத் தொட்டால், பவளத்துக்குச் சோதனை ஆரம்பம். கடல் 30.5-இல் நான்கு வாரம் நின்றால் ஒன்றரையை நான்கால் பெருக்கி 6 டிகிரி வாரம். 29.8-இல் நின்ற வாரத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கடைசி 12 வாரங்களின் கூட்டுத்தொகை 4-ஐத் தாண்டினால் (1-ஆம் நிலை) கணிசமான வெளிறல், 8-ஐத் தாண்டினால் (2-ஆம் நிலை) பரவலான வெளிறலும் சாவும் எதிர்பார்க்கலாம் என்பது அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா செயற்கைக்கோள் தரவை வைத்துத் தரும் எச்சரிக்கை. 2023-இல் சூடு பழைய அளவுகோலையே மீறிப் போனதால் 5-ஆம் நிலை வரை புதிதாகச் சேர்த்தார்கள். அந்த ஐந்தாம் நிலை 20 டிகிரி வாரத்தில் தொடங்குகிறது. அப்படி ஒரு படி தேவைப்பட்டதே எனக்குப் பெரிய வேதனை.

ஒன்றை மறக்கக் கூடாது. செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலை, அதுவும் சுமார் 5 கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரு எண்ணாக. ஆழத்தில் குளிர்ந்த நீரோட்டம் வரும் இடமும், தண்ணீர் தேங்கிக் கொதிக்கும் ஆழமற்ற இடமும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். 2023 ஜூலையில் ஃபுளோரிடாவின் மானட்டீ வளைகுடாவில் மிதவை ஒன்று 38.4 டிகிரி காட்டியது உலகச் செய்தியானது. ஆனால் அது கரையோரம் ஆழம் குறைந்த, கலங்கல் நீரில் இருந்த மிதவை, பவளத்திட்டின் மேல் இருந்ததல்ல. அந்தக் கோடையில் ஃபுளோரிடாவின் பவளங்கள் பட்டபாடு உண்மை, ஆனால் அதை இந்த எண்ணால் அளக்க முடியாது. பவளத்துக்குப் பக்கத்திலேயே, அதே ஆழத்தில், சிறு வெப்பப் பதிவுக்கருவியைக் கட்டிவைத்து மாதக்கணக்கில் பதிவெடுப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

கேள்வி: ஆய்வு மாணவி நான். என் இடத்தில் வெப்பம், வண்டல், கழிவுநீர் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. எது எவ்வளவு கெடுக்கிறது என்று பிரிப்பது எப்படி?

களத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழுசாகப் பிரிக்க முடியாது, அதை முதலிலேயே ஒத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். தொட்டியில் செய்தால் வெப்பம் மட்டும், வண்டல் மட்டும், இரண்டும் சேர்ந்து, இரண்டுமே இல்லாமல் என்று நான்கு நிலைகளும் கண்டிப்பாக இருக்க வேண்டும். அப்போதுதான் சேர்ந்து வரும்போது பாதிப்பு வெறும் கூட்டல்தானா அல்லது கூட்டலைவிட மோசமா என்று தெரியும். ஒரே தொட்டியில் பத்துத் துண்டு வைத்துவிட்டு "பத்து மாதிரிகள்" என்று எழுதாதீர்கள். தொட்டிதான் மாதிரி, ஒரு பம்ப் நின்றால் பத்தும் சேர்ந்து போகும். அப்புறம், ஒரே தாய்ப்பவளத்தின் துண்டுகளை எல்லா நிலைகளிலும் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் பவளத்துக்குப் பவளம் இயல்பாக உள்ள வித்தியாசத்தை வண்டலின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

பவளத்தின் பாசி எவ்வளவு திணறுகிறது என்று பார்க்க ஒளிர்வை அளக்கும் பாம் ஃப்ளோரோமீட்டர் நல்ல கருவி. வெளிச்சம் படாமல் இருபது முப்பது நிமிடம் வைத்துவிட்டுத்தான் அளவெடுக்க வேண்டும், பாசியின் ஒளிச்சேர்க்கைத் திறனைக் காட்டும் அந்த எண் நலமான பவளத்தில் 0.6-லிருந்து 0.7 வரை வரும். நண்பகலில் இருட்டில் வைக்காமல் எடுத்தால் நல்ல பவளமே நோயாளி மாதிரித் தெரியும். 18 மணி நேரத்தில் முடியும் சீபாஸ் என்ற வெப்பச் சோதனையும் இருக்கிறது: ஒரே பவளத்தின் துண்டுகளை நான்கு வெப்பநிலைகளில் வைத்து, இந்த அளவு எந்தச் சூட்டில் பாதியாகிறது என்று பார்ப்பார்கள். எந்தப் பவளம் சூடு தாங்கும் என்று வரிசைப்படுத்த அது உதவும், மாதக்கணக்கில் நடக்கும் சித்திரவதைக்கு அது மாற்று ஆகாது.

கழிவுநீரைப் பொறுத்தவரை நைட்ரேட் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல் பாஸ்பேட்டையும் சேர்த்துப் பாருங்கள். நைட்ரேட் கூடி பாஸ்பேட் பற்றாமல் போனால் பவளம் வெப்பத்துக்கு இன்னும் எளிதாக வெளிறும். இன்னொரு பக்கம், 2016-இல் கிரேட் பேரியர் ரீஃபில் வெப்பம் உச்சத்தில் இருந்தபோது தண்ணீர் சுத்தமாக இருந்த திட்டுகளும் வெளிறலிலிருந்து தப்பவில்லை. தண்ணீரைச் சுத்தமாக்குவது வீண் என்று இதை வைத்துச் சொல்பவர்கள்மீது எனக்குக் கோபம் வரும். அடி வாங்கிய பிறகு குஞ்சுப் பவளம் வந்து ஒட்ட வண்டலும் பாசியும் குறைந்த பாறை வேண்டுமே.

கேள்வி: கடல் அமிலமாகிறதா என்று பார்க்க ஒரு பி.எச். மீட்டரை இறக்கினால் போதுமா?

ஒரு தடவை இறக்கினால் போதாது. பகலில் ஒளிச்சேர்க்கையால் பி.எச். ஏறும், இரவில் சுவாசத்தால் இறங்கும். மதியம் மட்டும் அளந்தால் எல்லாம் பிரமாதமாகத் தெரியும். இரவும் பகலுமாகத் தொடர்ந்து அளக்க வேண்டும், கூடவே காரத்தன்மையையும், அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் தண்ணீரின் திறனையும். சுண்ணாம்பு ஒரு பங்கு படியும்போது தண்ணீரின் காரத்தன்மை இரண்டு பங்கு குறையும் என்பதால், திட்டு வளர்கிறதா கரைகிறதா என்பதை அதிலிருந்து கணக்கிட முடியும்.

கேள்வி: வெள்ளையாகத் தெரியும் பவளம் செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா? விடுமுறையில் முக்குளிக்கும் நான் பதிவு செய்தால் யாருக்காவது பயன்படுமா?

நிச்சயம் பயன்படும். கிட்டே போய், தொடாமல் உற்றுப் பாருங்கள். வெளிறிய பவளத்தின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய திசு இருக்கும், பாலிப்பின் (பவளத்தைக் கட்டும் சின்ன உயிரின்) சின்னக் கைகள் நீண்டு சுருங்குவது தெரியும். அது பட்டினியில் இருக்கிறது, சூடு தணிந்தால் பிழைக்கலாம். செத்ததில் அந்தத் திசு இருக்காது, எலும்பின் குழிகள் கூராகத் தெரியும், சில நாளில் பச்சையும் பழுப்புமாகப் பாசி மூடிவிடும். சில பவளங்கள் வெளிறும்போது பளிச்சென்று ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒளிரும்; அழகாக இருக்கிறது என்று நினைத்து நலமானதாக எழுதிவிடாதீர்கள்.

குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் ஒரு நிற அட்டை தருகிறது, நிறத்தின் அடர்த்தி 1 முதல் 6 வரை. பவளத்தின் மிக வெளிறிய இடத்தையும் மிக அடர்ந்த இடத்தையும் அட்டையோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுத்தால் அட்டையும் படத்துக்குள் இருக்கட்டும், ஆழம் கூடக் கூட சிவப்பு மறைந்து கேமரா நிறத்தை மாற்றிக் காட்டும். தேதி, நேரம், ஆழம், தண்ணீரின் வெப்பம் நான்கையும் விடாதீர்கள். நன்றாக இருக்கும் பவளங்களையும் பதிவு செய்யுங்கள். பலர் வெள்ளையானதை மட்டுமே அனுப்புகிறார்கள், அப்புறம் நூற்றில் எத்தனை வெளிறியது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.