போட்டுக்கு மின்மோட்டார் மாட்டலாமா?

கேள்வி: என்னிடம் 14 அடி ஃபைபர் போட் இருக்கிறது, 15 குதிரைசக்தி பெட்ரோல் இன்ஜின். தோட்ட வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் தம்பியோடு சிலாங்கூர் ஆற்றில் ஊடாங் காலா (பெரிய ஆற்று இறால்) பிடிக்கப் போவேன், எப்போதாவது கோலா சிலாங்கூர் ஆற்றுமுகம் வரைக்கும் இறங்குவோம். இன்ஜினை விற்றுவிட்டு மின்மோட்டார் போடு என்கிறார் நண்பர். சரிவருமா?
- வாசகர், பெஸ்தாரி ஜெயா

பதில்: அண்ணே, இறால் பிடிக்கத் தாராளமாகச் சரிவரும். ஆற்றுமுகத்துக்குச் சரிவராது. அதனால் இன்ஜினை விற்காதீர்கள்.

15 குதிரைசக்தி என்றால் ஏறக்குறைய 11 கிலோவாட். கடையில் விற்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பதோ 1.2 கிலோவாட் மணிதான். இப்போது ஓடுகிற வேகத்தில் ஓடினால் கணக்குப்படி ஆறேழு நிமிடத்துக்குக் காணும், அவ்வளவே. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட் மணி இருக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் புரொப்பெல்லருக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் பேட்டரியை மிஞ்சிவிடும்.

மெதுவாகப் போவதென்றால் நிலைமை அப்படியே மாறிவிடும். போட் தண்ணீர்மேல் எழும்பாமல் போகும்வரை, வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தேவைப்படும் சக்தி கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்காக இறங்கும். 600 வாட் சின்ன மோட்டாரே உங்கள் போட்டை மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளும், அதே பேட்டரியில் இரண்டு மணி நேரம். கம்போங் புக்கிட் பெலிம்பிங்கில் மின்மினி பார்க்க ஆட்களை ஏற்றிப் போகும் மின்படகுகளுக்கும் இதுதான் தோது: கொஞ்ச தூரம், மெதுவான ஓட்டம், சத்தமே கூடாது.

நான் பயப்படுவது தண்ணீர் ஓட்டத்துக்குத்தான். உங்கள் ஆற்றில் கடல்தண்ணீர் ஏறி இறங்குகிறது, வற்றும்போது இழுவை பலமாக இருக்கும். மணிக்கு 4 கிலோமீட்டர் இழுவையை எதிர்த்து 6 கிலோமீட்டர் வேக மோட்டாரோடு வந்தால் கரையைப் பார்த்து நீங்கள் நகர்வது மணிக்கு 2 கிலோமீட்டர், 3 கிலோமீட்டர் திரும்பி வரவே ஒன்றரை மணி நேரம் போய்விடும், அதுவும் பாதி பேட்டரி ஏற்கெனவே தீர்ந்த பிறகு, தம்பியையும் ஏற்றிக்கொண்டு. முதலில் ஒரு ஞாயிறு, தண்ணீர் நன்றாக வற்றுகிற நேரமாகப் பார்த்து இன்ஜினை அணைத்துவிட்டு போட்டை மிதக்க விடுங்கள். கைப்பேசி காட்டும் வேகம்தான் இழுவை. அது 3 கிலோமீட்டரைத் தாண்டினால் மோட்டாரை நம்பிக் கீழே இறங்க வேண்டாம். முதலில் மேலே போய்விட்டு, திரும்பும்போது ஓட்டத்தோடு வாருங்கள்.

பேட்டரி வாங்கினால் லித்தியமே வாங்குங்கள். ஈயப் பேட்டரி இதே அளவில் 30 கிலோ கனக்கும், அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். சின்ன மோட்டார் 50 ஆம்பியர் வரை இழுக்கும், அதனால் தடித்த வயரும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே 60 ஆம்பியர் பிரேக்கரும் கட்டாயம். பின்பலகையில் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே இதை மாட்டிக்கொள்ளலாம், அப்புறம் துடுப்பையும் மறக்காமல் போட்டிலேயே வைத்திருங்கள்.